மீரான் ராவுத்தரும் என் நாலு பலகைக் கதவும்

பதுளைக் கடைவீதி மீரான் ராவுத்தர் காலமான செய்தி தபால் பையோடு எனக்கு வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரன் சடையன், நான் கணக்கெழுதும் மேசைமேல் பையை வைத்துவிட்டு, ஈரத் தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னான்: “கிளாக்கரய்யா, பதுளை துப்பாக்கிக் கடை ராவுத்தரு மவுத்தாப் போயிட்டாராம். நேத்து சாயந்தரமே அடக்கிட்டாங்களாம்.” நான் பைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஆள் யாரென்று எனக்குப் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டான். “அதாங்க, நம்ம முத்தம்மா காலு போச்சே, அந்தத் தோட்டாவ மாத்திக் குடுத்தாரே, அவருதான்” என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஏழு வருடமாக லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பொய். அன்றுவரை அதைப் பொய் என்று அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார். மிச்சமிருந்த ஆள் நான். அவர் கடைப்படி ஏறியவர்கள் அத்தனை பேரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ராவுத்தரைத் தெரிந்தவர்களுக்கு அவர் தொண்டையும் தெரிந்திருக்கும். வாலிபத்தில் பழைய துப்பாக்கி ஒன்று வெடித்து வலது காது போனது. அதிலிருந்து தனக்குக் கேட்கும் அளவுக்குப் பேசுவார்; எதிர்க்கடை புடவைக்காரருக்கும் கேட்கும். ஒருமுறை ஒரு துரை பளபளக்கும் தோட்டாக்களைத்தான் தா என்று பிடிவாதம் பிடித்தார். அவர் குதிரை ஏறிப் போவதற்குள், “மினுக்கினாப் போதும், என்னன்னு கேக்காம வாங்கிட்டுப் போறாரு” என்று ராவுத்தர் ரகசியம் சொன்னார். வீதியே சிரித்தது. துரைக்குத் தமிழ் தெரியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நான் அவரிடம் போனது பயத்தால். பசறை ரோட்டில் இரண்டு வழிப்பறி நடந்திருந்தது. நான் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போய்விட்டால் என் மனைவி தனியே இருப்பாள். எங்கள் துரை சட்டைப்பைக்குள் அடங்கும் தன் பழைய ரிவால்வரை எனக்குக் கொடுத்து உத்தரவுச் சீட்டும் வாங்கித் தந்தார். சீட்டை நீட்டினேன். ராவுத்தர் அதைப் பார்க்கவேயில்லை.

“ஒங்க வீட்டுப் பின்கதவு என்ன கனம்?” என்றார்.

இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

“கதவுக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா?”

“தோட்டத்து ஆளுங்க லயம்தான். வரிசையாப் பன்னெண்டு காம்பரா. எல்லாம் குடும்பங்கள்.”

என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப் போனார். தேயிலைப் பெட்டிப் பலகை நாலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, என் இரண்டு விரலோடு ஒட்டிப் பார்த்து, ஆணி அடித்துப் பலாமரத்தில் சாய்த்தார். முதலில் வெறும் ஈயக்குண்டு வைத்த தோட்டாவால் சுட்டார். அது நாலாவது பலகையில் நின்றது. அடுத்தது புதிதாக வந்திருந்தது; ஈயத்தின்மேல் கெட்டி உலோக உறை போட்டு, கண்ணாடிபோல மின்னியது. அது நாலையும் துளைத்துப் பலாமரத்தில் ஏறி உட்கார்ந்தது. “பாத்தீங்கல்ல? இதுக்கு நிக்கத் தெரியாது. கள்ளனை மட்டும் தேடிப் போகாது. வீட்டுக்கு ஈயம்தான்” என்றார்.

எனக்கு மின்னுவதுதான் பிடித்தது. பலத்தது எதுவோ அதுதானே காப்பாற்றும் என்று நினைத்தேன். கடைக்காரன் சரக்கை விற்காமல் எனக்குப் புத்தி சொல்வதா என்று ரோசம் வேறு. “நீங்க தராட்டிப் பண்டாரவளையில வாங்கிக்கிறேன்” என்றேன். ராவுத்தர் பெருமூச்சு விட்டார். இரண்டையும் கட்டிக் கொடுத்தார். “ரோட்டுல போறப்ப இந்த மினுக்குறதை வச்சுக்குங்க. வீட்டுக்குள்ள கால் வச்சதும் ஈயத்துக்கு மாத்திடுங்க. மறந்துடாதீங்க கிளாக்கரே” என்று வாசல்வரை வந்து சொன்னார். புடவைக்கடைக்காரருக்கும் கேட்டிருக்கும்.

முதல் மாதம் மாற்றத்தான் செய்தேன். பிறகு மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழைக்காலம் தெரியுமல்லவா? செருப்பில் பூஞ்சை, பெட்டிக்குள் வேட்டியில் பூஞ்சை. ஈயக்குண்டுகள் வெள்ளை பூக்க ஆரம்பித்தன. எதுவும் கெடாமலிருக்கத் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். உப்பையும் தீப்பெட்டியையும் ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அறைத் தட்டில் கொண்டுபோய் வைப்போமே, அதேபோல ஈயத் தோட்டாக்களையும் தகர டப்பாவில் போட்டு அங்கே வைத்தேன். மின்னும் தோட்டாக்கள் வெள்ளை பூக்கவில்லை. அவை துப்பாக்கியிலேயே கிடந்தன. நாளைக்கு எடுத்து வரலாம், நாளைக்கு எடுத்து வரலாம் என்று மழைக்காலம் போனது.

ஒருநாள் மாலை ஐந்து மணி இருக்கும். பனிமூட்டம் ஜன்னல்வரை வந்துவிட்டது. பின்கதவை ஏதோ முட்டியது. “யாரு?” என்றேன். பதில் இல்லை. மறுபடி முட்டியது, தாழ்ப்பாள் ஆடியது. என் மனைவி அலறினாள். நான் கதவைப் பார்த்துச் சுட்டுவிட்டேன். வெளியே நின்றது லயத்துக் கன்றுக்குட்டி. அதன் முதுகுக்கு மேலே போன குண்டு, லயத்து வாசல் தட்டியைத் துளைத்து, உள்ளே உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த முத்தம்மாவின் முழங்காலை உடைத்தது.

துப்பாக்கியைத் துடைக்கும்போது கைதவறி வெடித்ததாக விபத்துக் குறிப்பு எழுதினேன். துரை கையெழுத்துப் போட்டார். முத்தம்மா மூன்று வாரம் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, விறைத்த காலோடு திரும்பி வந்தாள். கொழுந்து பறிக்க மலை ஏற முடியாதவளுக்குத் தோட்டத்துப் பேரேட்டில் பெயர் இருக்காது. வேலை முடிந்ததென்று பற்றுச்சீட்டு கொடுத்துக் குடும்பத்தோடு அனுப்பிவிடுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும், அந்தச் சீட்டை எழுதுகிறவனே நான்தான். இருந்தும் அவள் வாசலுக்குப் போக என் கால் எழவில்லை. தூ, நானும் ஒரு மனிதன்!

ராவுத்தர் வந்தார். யார் சொன்னார்களோ, மாட்டு வண்டி பிடித்து வந்து நேரே லயத்து வாசலில் இறங்கினார். அவர் குரல் என் ஜன்னலுக்குக் கேட்டது. “தாயி, தோட்டா வித்தவன் நான்தான். கிளாக்கரு கதவோட நிக்கிற ஈயத் தோட்டாதான் கேட்டாரு. நான் காது கேக்காதவன், மாத்திக் கட்டிக் குடுத்துட்டேன். என்னை மன்னிச்சுக்க.” லயம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு என் வீட்டுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. “ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்றேன். “நீங்க நாளும் அந்தப் பொம்பளை மொகத்துல முழிக்கணும். நான் பதுளையில கெடக்கிறவன். அது போகட்டும், அவ பேரு தோட்டத்துல இருக்கணும். துரைகிட்ட நீங்கதான் பேச முடியும்” என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறினார். நான் பேசினேன். முத்தம்மாவுக்கு ஸ்டோரில் உட்கார்ந்து தேயிலையில் குச்சி பொறுக்கும் வேலை கிடைத்தது. துப்பாக்கியைத் துரையிடமே திருப்பிக் கொடுத்தேன். அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை. ராவுத்தர் கடையில் தோட்டா வாங்காதே, மாற்றிக் கொடுப்பார் என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் போனது. துரைமார் வேறு கடை பார்த்தார்கள். ஒரு சொல்லில் நான் அதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

போன வெள்ளிக்கிழமை பதுளைக்குப் போனேன். அவர் மகன் கடையைத் திறந்திருந்தார். ஆணி அடித்த நாலு பலகை இன்னும் சாமான் தட்டில் இருந்தது. “அத்தா கடைசி வரைக்கும் வர்றவங்களுக்கெல்லாம் இதைக் காட்டுவாங்க. யாரு வீட்டுக் கதவுன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டாங்க” என்றார். “என் வீட்டுக் கதவு தம்பி” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பலகையை எடுத்து என் கையில் வைத்தார்.

அதை ஸ்டோருக்குத் தூக்கி வந்து, முத்தம்மாவின் முன்னால் வைத்தேன். சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றே சொன்னேன். ராவுத்தர் எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை, வேண்டாம் வேண்டாம் என்றவர் அவர், கேட்காதவன் நான் என்றேன். முத்தம்மா ஒரு துளையில் விரலை விட்டாள்; விரல் அந்தப் பக்கம் வந்தது. அடுத்த துளையில் விட்டாள். உள்ளே ஈயம் தட்டியது. 

“எங்கிட்டச் சொல்லி என்னங்க பண்ண? என் காலு போனது போனதுதான். அந்த மனுசன் உசுரோட இருக்கையில சொல்லியிருக்கலாமே. அவரு காதுல விழுந்திருக்குமே” என்றாள். பிறகு குனிந்து குச்சி பொறுக்கத் தொடங்கினாள்.

பலகை இப்போது என் மேசையில் இருக்கிறது. ராவுத்தரிடமிருந்து எனக்கு மிச்சம் அது. முத்தம்மா சொன்னதையும் அதோடு வைத்துக்கொண்டிருக்கிறேன்.