பொன்னி இறங்காத ஸ்டாப்

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் இருந்தேன். என் மனைவி சாந்தாமணி இருந்தாள். என் அக்கா பழனியம்மாள். எங்கள் பஸ் டிரைவர் செல்வராசு, தெரிந்தவரிடம் கார் கேட்டு வாங்கி எங்களைக் கோயமுத்தூருக்கு ஓட்டி வந்தவர். கதவுக்கு அந்தப் பக்கம் ஐ.சி.யூ.வில் (தீவிர சிகிச்சைப் பிரிவு) என் மகள் தர்ஷினி. ஆறாவது படிக்கிறாள்.

அக்கா, "வயித்துத் தொக்கம் முழுசா எடுக்கலியோ என்னமோ" என்றாள். சாந்தாமணி திரும்பிப் பார்த்தாள். அக்கா முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வெள்ளகோவிலில் இருந்து முத்தூர் வழியாகக் கொடுமுடி. எட்டாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. இதே வியாதியில் பிள்ளையை வைத்திருப்பவர்கள் படிப்பார்கள் என்று மகளைப் பார்த்த டாக்டரம்மா கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் வந்தது தாகம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன பாட்டில் போதவில்லை. சொம்பு சொம்பாகக் குடித்தாள். வெயில் காலம், சூட்டு உடம்பு என்று நினைத்தோம். பிறகு பாயை நனைத்தாள். அவள் அம்மா எனக்குத் தெரியாமல் துவைத்துப் போட்டாள். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. வளர்கிற பிள்ளை என்றோம்.

தினமும் சாயங்காலம் என் பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் முத்தூர் தாண்டியதும் என் கையைத் தொட்டாள்.

"அப்பா, ஒண்ணுக்கு வருதுங்ப்பா."

"அடக்கிக்க சாமி. பின்னால வண்டி வாரான்."

எங்களுக்குப் பின்னால் வருகிற பஸ் முந்திவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கும் ஆட்கள் எல்லாம் அவனுக்குப் போய்விடுவார்கள். அதனால் விசில் ஊதவில்லை. ஆட்டுக்குட்டியை ஏற்றக்கூட நிறுத்தியவன் நான். சீட்டிலேயே நனைத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா எழுந்து தள்ளி நின்றாள். தர்ஷினி புத்தகப் பையைப் பின்னால் பிடித்தபடி இறங்கிப் போனாள். ஈரத்துணியால் சீட்டைத் துடைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்த வாரமே வாந்தி வந்தது. சோறு இறங்கவில்லை. "டாக்டருகிட்டப் போலாமுங்க" என்று சாந்தாமணி சொன்னாள். அக்கா, "தொக்கம் உளுந்திருக்கும்" என்றாள். தின்றது உள்ளே சிக்கிக்கொண்டது என்று சொல்லி, வயிற்றைத் தடவி, ஊதி எடுப்பதைத் தொக்கம் எடுப்பது என்போம். எனக்கும் சின்ன வயதில் எடுத்திருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போனேன். தொக்கம் எடுக்கிற ஆள் ஒரு முறுக்குத் துண்டை எடுத்துக் காட்டினார். நம்பினேன்.

திரும்பும்போது பிள்ளை துவண்டிருந்தாள். தண்ணீர் கேட்டாள். ரோட்டோரம் கரும்புப்பால் (கரும்புச்சாறு) கடை இருந்தது. தெம்பு வரட்டும் என்று வாங்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். "இன்னொண்ணுங்ப்பா" என்றாள். அதையும் வாங்கிக் கொடுத்தேன். சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவளை எழுப்ப முடியவில்லை. மூச்சு வேகமாக, ஆழமாக இழுத்தது. வாயில் அழுகிய பழ வாசனை. காங்கயத்தில் பார்த்த டாக்டர் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார். அதில் எண்ணே வரவில்லை. சர்க்கரை அளவுக்கு மேல் போனால் அப்படித்தான் என்றார். உடனே கோயமுத்தூருக்குப் போகச் சொன்னார்.

கோயமுத்தூரில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். டைப் ஒன் சர்க்கரை நோய். கணையம் (இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு) இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. இன்சுலின் (ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடம்புக்குள் சேர்க்கும் நீர்) இல்லாததால் உடம்பு கொழுப்பை எரித்திருக்கிறது. அதில் வந்த கீட்டோன் (ஒருவகை அமிலம்) ரத்தத்தில் ஏறிவிட்டது. அதுதான் அந்த வாசனை.

நான் கேட்டேன். "கரும்புப்பால் குடுத்ததாலதான் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க. இது யாரும் எதுவும் குடுத்து வர்றதில்ல. ஒடம்பே தன்னோட கணையத்தத் தாக்கி அழிச்சுருது."

"தொக்கம் எடுத்தது..."

டாக்டரம்மா சொன்னார். "முன்னாடியே வந்திருந்தாலும் ஆயுசுக்கும் இன்சுலின் ஊசி போட்டுத்தானுங்க ஆகோணும். ஐ.சி.யூ. வரைக்கும் போயிருக்காது. கரும்புப்பால் அன்னிக்கு இன்னும் மோசமாக்குச்சு. கேட்டீங்க, சொல்றேன்."

மழுப்பாமல் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. அந்த வார்த்தையோடுதான் இன்னும் இருக்கிறேன்.

கண் விழித்து வார்டுக்கு வந்த பிறகு, மத்தியானத்தில் தர்ஷினிக்குப் பொழுது போகவில்லை. கதை சொல்லச் சொன்னாள். எனக்குக் கதை தெரியாது. தெரிந்தது பஸ்தான்.

"ஒரு பஸ்ஸு. பின்னாடியே போகும். நேத்து ஒரு ஸ்டாப்பு, முந்தாநேத்து ஒரு ஸ்டாப்பு."

"ரிவர்சுலயேவா? செல்வராசு மாமனுக்குக் கழுத்து வலிக்குமே."

"அதுல பொன்னின்னு ஒரு புள்ள. அவங்கப்பன் கண்டக்டரு. அவளுக்கு வியாதி."

"எனக்கு வந்ததா?"

"அதவிடப் பெருசு."

"செத்துருவாளா?"

"அதுக்குத்தான் பின்னாடி போறாங்க."

தினமும் கொஞ்சம் சொன்னேன். டிக்கெட் கிழித்தேன், விசில் ஊதினேன். பக்கத்துக் கட்டில் பையன்கூட, "ஏனுங்க, எங்களுக்கும் ஒரு டிக்கெட்" என்றான். ஆனால் கதை எப்படிப் போனாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. பொன்னிக்கு முதல்முதலில் தாகம் எடுத்த நாள். அங்கே அப்பன் அவளை இறக்குகிறான், நேராக டாக்டரிடம் கூட்டிப்போகிறான், அவள் பிழைத்துக்கொள்கிறாள்.

"அப்ப பொன்னிக்கு ஊசி வேண்டாமா?" என்றாள்.

"வேண்டாம்."

"பொய்யிங்ப்பா. எப்பப் போயிருந்தாலும் ஊசி உண்டுன்னு டாக்டரம்மா எங்கிட்டயே சொன்னாங்க. ஐ.சி.யூ. மட்டுந்தான் இருந்திருக்காது."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அங்க எறங்குனா இதுவரைக்கும் போட்ட ஊசியெல்லாம் மறுக்காப் போடோணும். பொன்னி எறங்கமாட்டா. நீங்க ரைட் குடுங்க."

கதை அங்கேயே நின்றுபோனது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. பிள்ளை அளவில்லாமல் தண்ணீர் குடித்தால், பழக்கம் விட்ட பிறகு பாயை நனைத்தால், இளைத்தால், தாமதிக்காமல் ரத்தச் சர்க்கரை பாருங்கள். ஒரு சொட்டு ரத்தம் போதும்.

இப்போது வீட்டில் எல்லாமே ஊசிப்படிதான். சோற்றுக்கு முன் ஊசி, படுக்கும் முன் ஊசி. முன்பெல்லாம் எனக்கு நேரம் என்றால் பின்னால் வருகிற வண்டி. இப்போது அவள் எப்போது சாப்பிட்டாள், எப்போது சாப்பிடுவாள் என்பது. எனக்குத் தாகம் எடுத்தால் உடனே குடிக்க முடிவதில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். சாந்தாமணி என்னை ஒரு குறையும் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும்.

பள்ளிக்கூடம் மறுபடி போக ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் முத்தூர் தாண்டியதும் என் கையைத் தொட்டாள்.

"அப்பா, ஒடம்பு நடுங்குதுங்ப்பா."

விசில் ஊதினேன். ஸ்டாப் இல்லாத இடம், இரண்டு பக்கமும் சோளக்காடு. செல்வராசு நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

"பின்னால வாரானுங்க."

"வரட்டும்."

அவளே விரலைக் குத்திக்கொண்டாள். ஐம்பத்தெட்டு. தாழ்சர்க்கரை (சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கிவிடுவது). உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும், கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. தண்ணீரில் கரைத்தேன். கையில் பிடித்தேன். நீட்ட முடியவில்லை. என் கையால் அவளுக்குக் கடைசியாகக் கொடுத்த இனிப்பு அந்தக் கரும்புப்பால்.

"குடுங்ப்பா. இது மருந்து."

வாங்கிக் குடித்தாள்.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனது. அந்தக் கண்டக்டர் படியில் தொங்கியபடி கையாட்டினான். நடு சீட்டில் ஒருவர், "ஏனுங்க கண்டக்டரே, டீசல் தீந்துபோச்சுங்களா?" என்றார்.

"ஆமாங்க, பாப்பாவுக்குப் போட்டுட்டு இருக்கறோம்" என்றார் செல்வராசு. பஸ்ஸில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லியிருக்கலாம். கால் மணியை ஓடுகிற பஸ்ஸிலேயே காத்திருக்கலாம். நான் ரைட் கொடுக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.

மறுபடி குத்தினாள். மெஷினை என் பக்கம் திருப்பினாள்.

நூற்று நான்கு.