டிஸ்கில் ஐந்து வட்டங்கள்

பணிமனைப் பதிவேட்டின்படி அவர் "நீர்த் தெளிப்பாளர், கடைநிலை, வாகன இயக்கத்தோடு எவ்வகையிலும் தொடர்பற்றவர்". இதை எழுதியவர் வாழ்நாளில் ஒரு பஸ்கூடக் கழுவியதில்லை என்பது மட்டும் அதிலிருந்து உறுதியாகத் தெரிகிறது.

எல்லோருக்கும் அவர் வாளியம்மா. மலையிறங்கி வந்த பஸ் சற்று ஆறியதும் சக்கரத்தில் தண்ணீரை வீசுவார். அடுத்த வாளிக்கு நகராமல் குந்தி உட்கார்ந்து, பிரேக் டிஸ்கில் ஈரம் எங்கே முதலில் காய்கிறது என்று பார்ப்பார். சீராகக் காய்ந்தால் எழுந்துவிடுவார். இருபத்திரண்டு வருடமாகத் தவறாமல் செய்துவந்த இந்த வேலைக்குப் பணிமனை வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் தலைமை மெக்கானிக் ஏழேகால் பஸ்ஸின் டிஸ்குகளைக் கண்ணாடிபோல் மெருகேற்றினார். அதில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம், முறுக்கவும் செய்தார். விடியற்காலைச் சோதனை ஓட்டம் முடிந்து வந்த அந்த டிஸ்கில், ஐந்து இடங்களில் மட்டும் ஈரம் நொடியில் மறைந்தது. அங்கெல்லாம் இரும்பு நீலம் பாய்ந்திருந்தது.

"ஐயா, இது முழுசா உரசல. அஞ்சே இடம்தான் உரசுது. உரசுன இடம் சூடாகி உப்புது, உப்புனதால மறுபடி அதுவே உரசுது. சொரசொரன்னு இருந்தப்ப இப்படி ஆகல."

"எந்தக் காலேஜ்ல படிச்ச, வாளியம்மா?" என்றார் மெக்கானிக்.

"குழாயடியில."

"அழகா இருக்கறது உனக்குப் பொறுக்காதே! போ, ஜன்னலத் தொடை."

பஸ்ஸை ஓட்டவேண்டியவர் வாளியம்மாவுடைய மகளின் கணவர்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு லீவு போடுங்க."

"ஆய்வு நாள்லயா? வேலையே போயிடும், அத்தை. பிரேக் நல்லாத்தான் பிடிக்குது. இறங்கறப்ப லேசா அதிர்ந்துச்சு, அவ்வளவுதான்."

"அதிர்ந்துச்சா?"

சொல்லியிருக்க வேண்டாம் என்று மாப்பிள்ளைக்கு அப்போதே தோன்றிவிட்டது. "எப்பவும் பிடிக்கிற பிரேக்தானே," என்றார்.

"பிடிக்கும். கடைசி வளைவுக்கு முந்துன வளைவு வரைக்கும்."

மாமியாரிடம் வாதாடும் பழக்கம் அவருக்கில்லை. கேட்கும் பழக்கமும் இல்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மெக்கானிக்கோடு தேநீர் குடிக்கப் போனார். வாசலில் நாற்பது பேர் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றார்கள். ஒரு குழந்தை முன்சீட்டு வேண்டுமென்று அழுதது.

அவர்கள் தேநீர் குடித்த பத்து நிமிடத்தில் வாளியம்மா ஆறு டயர்களின் காற்றையும் பிடுங்கிவிட்டார்.