அந்தோணியின் இறக்கையில் நான் மறைத்த ஒட்டு

அந்தோணியின் விமானத்தை வீழ்த்தியவன் நான். அந்தப் பழியை அவருடைய கையின்மேல் ஏற்றியவனும் நானே!

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சுற்றி வளைத்தே இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டேன்… இன்று நீங்கள் கேட்டே ஆகவேண்டும்.

அலோர் காஜா நகருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில், சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் கூடுவோம். ரிமோட்டால் இயங்கும் சிறு விமானங்களைப் பறக்கவிடுவது எங்கள் பொழுதுபோக்கு. அவற்றின் இறக்கைகள் பால்சா மரத்தால் ஆனவை. நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம் அது! அடிபட்ட இறக்கைகளைச் செப்பனிடுவதில் எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயரே என்னைக் கெடுத்தது.

அந்தோணி உம்பாய் என்னும் ஊர்க்காரர், என்னைவிடச் சில ஆண்டுகள் இளையவர். ஞாயிறுதோறும் நடமாட இயலாத முதியவர்களைத் தேவாலயத்து வேனில் ஏற்றிச் சென்று, பூசை முடிந்ததும் வீடு சேர்ப்பார். ஒருநாள் அந்த வேனுக்குள் முதியவர்களின் சக்கர நாற்காலிகள் சரிந்து, அங்கே வைத்திருந்த அவருடைய விமானத்தின் இறக்கையை ஒடித்துவிட்டன. "வர்ற சனிக்கிழமை பறக்கும்" என்று எல்லோர் முன்னிலையிலும் நான் வாக்குக் கொடுத்தேன்.

இறக்கையின் நீளத்துக்கு ஓடும் நடுச்சட்டம் முறிந்திருந்தது. முறை எனக்குத் தெரியாதா? முறிந்த முனைகளை நீண்ட சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்டவேண்டும். இருபுறமும் மெல்லிய பலகை வைத்துக் காயவிடவேண்டும். நானும் சீவினேன்… சாய்வு தவறியது. மரம் குறைந்துவிட்டது. மாற்றுச் சட்டம் கைவசமில்லை. முனைகளை நேராக அறுத்தேன். இடையில் ஒரு துண்டைச் செருகினேன். முனையோடு முனை சேர்த்து, விரைவில் காயும் பசையை ஊற்றிவிட்டேன்.

எங்கள் திடலில் ஒரு வழக்கம் உண்டு. செப்பனிட்ட இறக்கையை மேல்தாள் ஒட்டி மூடுவதற்கு முன், வெற்றுச் சட்டமாகவே கொண்டுவந்து காட்டவேண்டும். 'எலும்பு காட்டுதல்' என்போம். உரியவர் தம் விரலால் தடவிப் பார்த்த பிறகே மூடலாம். நானோ சிவப்புத் தாளை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, சுருக்கமே இல்லாமல் மூடிக் கொண்டுபோனேன்!

"என்னாண்ணே, எலும்பு காட்டலையே?" என்றார் அந்தோணி.

"மழைக்காத்து. பால்சா ஊறிப்போகும்னு மூடிட்டேன்."

"அண்ணன் ஒட்டுனதுல சந்தேகமா? ஏத்துய்யா மேல!" என்றார் நண்பர் மணியம்.

விமானம் அழகாகவே ஏறியது. உயரத்திலிருந்து பாய்ந்து இறங்கி, அந்தோணி ரிமோட் குச்சியை இழுக்க, மீண்டும் மேல்நோக்கித் திரும்பிய கணத்தில் 'படக்' என்றொரு ஓசை… இறக்கை இரண்டாக மடிந்தது. செம்பனை மரங்களுக்குள் சிவப்பாக ஏதோ விழுந்தது.

"என்னா அந்தோணி, வேன் கைபிரேக்குன்னு நெனைச்சு குச்சிய இழுத்துட்டியா?" என்று மணியம் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தோணி சிரிக்கவில்லை. தம் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தந்தையார் கைநடுக்கத்தில் தொடங்கிப் படுக்கையில் முடிந்தவர். அது எனக்கும் தெரியும்…

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நான்தானே ரொம்ப இழுத்துட்டேன்?"

அப்போது வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? திறந்தேன்!

"கொஞ்சம் அதிகம்தான்" என்றேன்.

உடைந்த இறக்கையை நானே தேடியெடுத்து வீட்டுக்குக் கொண்டுசென்றேன். உதவி என்று அவர் எண்ணினார். தடயத்தை அல்லவா நான் தூக்கிச் சென்றேன்!

அடுத்த வாரமே அவர் வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பொம்மையவே புடிக்க முடியாத கை, பெரியவங்க உசுர எப்படிப் புடிக்கும்?" என்றாராம். தெங்கேரா பகுதியில் ஒரு கடைவாசலில் அவர் மனைவி ஸ்டெல்லாவைக் கண்டபோது, அந்தப் பெண் கலங்கிப் போயிருந்தாள். "டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாருண்ணே. நம்ப மாட்டேங்குறாரு. நீங்களாவது சொல்லுங்களேன்." தலையசைத்துவிட்டு நகர்ந்தேன். சொன்னேனா? இல்லை!

இவ்வாண்டு அந்த இறக்கையை வெளியே எடுத்தேன். சிவப்புத் தாளை உரித்தேன். நொறுங்கிய விலாச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் புதிதாக வெட்டிப் பொருத்தினேன். முன்விளிம்பை மாற்றினேன். நடுச்சட்டத்தை மட்டும் தொடவில்லை. என் ஒட்டு அங்கே வாயைப் பிளந்து கிடந்தது. அதை அப்படியே அவர் மடியில் வைப்பது என்று உறுதி செய்துகொண்டேன். உம்பாய்க்குப் போனேன்.

அந்தோணி பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

"மரம் ஒடியலையே… பசைதானே விட்டிருக்கு."

"ஆமாம். தப்பா ஒட்டுனேன். தெரிஞ்சேதான் மூடினேன்."

அவர் இறக்கையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: "ஒட்டு தப்புறது மனுசனுக்கு சகஜம். என் அப்பா கைய எனக்கு மாட்டி விட்டீங்களேண்ணே…"

நீங்களாயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"எல்லார் முன்னாடியும் சொல்றேன்" என்றேன்.

"சொல்லுங்க. சிரிச்சாங்கள்ல, அவங்ககிட்ட சொல்லுங்க."

அந்தச் சனிக்கிழமை திடலில் நின்று சொன்னேன். மணியம் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு, "இத்தன நாள் அவனப் பாத்து என்னையும்ல சிரிக்க வச்சிட்டீங்க" என்றார். அதற்கப்புறம் யாரும் இறக்கையோடு என் வீட்டுக்கு வரவில்லை. வரவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இறக்கையை மீண்டும் வீட்டுக்கு எடுத்துவந்து, நடுச்சட்டத்தை முறைப்படி சாய்வாகச் சீவி, புதிய மரம் சேர்த்து, பலகை வைத்துக் கட்டினேன். மூடாமலே மீண்டும் உம்பாய்க்குக் கொண்டுசென்றேன். அந்தோணி இறக்கையின் இரு முனைகளையும் பற்றி வளைத்துப் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார், சுவரோரம் சாய்த்து வைத்தார். வேனை மீண்டும் ஓட்டுவாரா என்று கேட்டேன்.

"மூளைக்குப் புரியுதுண்ணே. கைக்கு இன்னும் புரியல."

ஸ்டெல்லா எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள். என் குவளையை நான் ஒரு கையால் எடுத்தேன். அந்தோணி தம் குவளையை, நிரம்பிய பால்குடத்தைத் தூக்குவதுபோல், இரு கைகளாலும் பற்றித் தூக்கினார். உற்றுப் பார்த்தேன்… அந்த இரு கைகளில் எதுவும் நடுங்கவில்லை!