பிரிக்காமல் விட்ட காவல் குடிசை

சூளகிரி போகும் சர்வீஸ் ரோட்டில் பாதி தூரம் நடந்த பிறகுதான் மழைக்கோட்டை அறையிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருந்தோம். யாராவது ஒருத்தர் போட்டுக்கொள்வார்கள். வலது முழங்கையில் உருகிய அலுமினியம் தெறித்த இடம் இன்னும் ஆறவில்லை. பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றும் ஷெட்டில் கான்ட்ராக்ட் வேலை. முந்தின நாள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, "ஆர்டர் இல்லப்பா. நாளையில இருந்து வர வேணாம். இருந்தா கூப்பிடுறோம்" என்றார். கூப்பிடமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து நான் பார்த்த வேலைகளில் முக்கால்வாசி இப்படித்தான் முடிந்திருக்கின்றன. பெங்களூரில் சென்ட்ரிங், மாலூர்ப் பக்கம் செங்கல் சூளை, பாகலூரில் ரோஜாத் தோட்டம், கல்லாவிப் பக்கம் ஒரு பருவம் மாந்தோப்புக் காவல். ஒன்று முடிந்தால் அடுத்தது எந்தத் திசையில் என்று பார்ப்பேன். அன்றைக்குத் திசை அக்கா வீடு.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி நாகரசம்பட்டியில் இறங்கியபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அக்கா வீடு ஊருக்கு வெளியே, அவர்களுடைய சின்ன மாந்தோப்பை ஒட்டி. கேட்டைத் திறக்கும்போதே அவள் குரல் கேட்டது. வேலியோரம் நின்று, கட்டியிருந்த வெள்ளாட்டிடம் உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, அந்தத் தோப்புல எவ்ளோ செழிப்பா வளந்துகினு இருக்குது! நம்ம மரத்துக்கு வெத அனுப்பறதுக்குன்னே வளக்கறாங்க போல!"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரலில் உடனே பதில் வந்தது. அதுவும் அக்காவுக்கு அல்ல, ஒரு மாட்டுக்கு.

"ஏ மாடு, தீனியத் தின்னுறியா, ஊர் நாயம் பேசுறியா? நாயம் பேசறதுன்னா சொல்லு, அவுத்து விடறேன். ஆட்டுகூட சேந்துக்கோ!"

நான் சிரித்துவிட்டேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு பையைப் பார்த்தாள். வேலை போன விஷயத்தை அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கை என்னாடா ஆச்சு?"

"சூடு பட்டுடுச்சு. ஆறிடும்."

"ஆறிடும், ஆறிடும். எல்லாத்துக்கும் இதே சொல்லு. உள்ள வா, களி இருக்குது."

சாப்பிட்டு முடித்ததும் அவளே தோப்புக்குள் கூட்டிக்கொண்டு போனாள். வேலியோரத்து மரங்களில் மேல் கிளைகளைக் காட்டினாள். மாவிலைகளுக்கு நடுவே வேறு நிறத்தில், தடித்த இலைகளோடு கொத்துக்கொத்தாகப் புல்லுருவி. மண்ணில் வேர் விடாத செடி. மரத்தின் கிளைக்குள்ளேயே இறங்கி அதன் சாற்றைக் குடித்து வளரும். குருவி அதன் பழத்தைத் தின்றுவிட்டு, பசைபோல ஒட்டும் விதையை அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். ஒரு தோப்பில் விட்டுவைத்தால் பக்கத்துத் தோப்பும் தப்பாது. அக்கா தன் பக்கத்தில் மூன்று முறை ஆள் வைத்து வெட்டியிருக்கிறாள். வேலிக்கு அப்பால் இருக்கும் மரங்களிலோ, மாமரம் எது புல்லுருவி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு மண்டியிருந்தது. கீழே உண்ணிச்செடி இடுப்பு உயரம். போன பருவத்துக் கொட்டைகள் பொறுக்குவாரில்லாமல் காய்ந்து கிடந்தன. அங்கே அழுகிய பழத்தில் பிறந்த ஈ எல்லாம் இவள் மரத்துப் பழத்தில் வந்து முட்டையிட்டிருக்கிறது.

"உங்க மாமா வித்துடலாம்ங்கறாரு" என்றாள். "சைட் போடறவங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. வெள்ளிக்கெழம மறுபடி வராங்க. நான் இன்னும் ஒரு வருசம் பொறுங்கன்னேன். பக்கத்துத் தோப்பு இப்படியே இருந்தா ஒரு வருசத்துல என்ன மாறிடும்னு கேக்கறாரு."

மாமா பர்கூர்ப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் ஷிப்டுக்குப் போகிறவர். அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் அந்த மரங்களை ஒட்டுக்கன்றாக வைத்துக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் அக்கா. அவள் பெயரைச் சொல்லி ஊரில் யாரும் எதையாவது காட்டுவார்கள் என்றால் அது இந்தத் தோப்பைத்தான்.

"பக்கத்துத் தோப்பு அந்தம்மாகிட்ட என்ன சொன்ன நீ?"

"தெனமும்தான் சொல்றேன்."

"ஆட்டுகிட்ட சொல்ற. அவங்ககிட்ட?"

அக்கா ஆட்டின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். "மொதல்ல ஒருவாட்டி வேலிகிட்ட நின்னு மொறச்சேன். அந்தம்மா மூஞ்சத் திருப்பிகினு போச்சு. அப்புறம் நான் எதுக்கு வலியப் போறது? நீதான் ஊரூரா சுத்தினவனாச்சே, போய்க் கேளு" என்றாள்.

சுற்றி வந்து அந்த வீட்டுக்குப் போனேன். அந்தம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் இருக்கமாட்டார். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைக்காமலேயே கேட்டார்.

"என்னாப்பா, இன்னைக்கி ஆடு வரலியா? தம்பிய அனுப்பிச்சிட்டாளா உங்கக்கா?"

"ஆட்டுக்குத் தொண்ட கட்டிக்கிச்சும்மா."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. அரிவாள் கீழே போனது. நான் சுற்றி வளைக்கவில்லை. "ஏம்மா தோப்ப இப்படி உட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இந்தக் கேள்விய உங்கக்கா எங்கிட்ட கேட்டிருந்தா நானும் சொல்லியிருப்பேன். ஒரு வருசமா ஆட்டக் கேக்கறா. ஆடு என்னாத்த சொல்லும்? வா, காட்டறேன்."

உண்ணிச்செடிக்குள் அரிவாளால் வழி செய்துகொண்டு முன்னால் போனார். தோப்பின் கடைசி மூலையில், அக்கா பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு காவல் குடிசை நின்றது. தென்னங்கீற்று கறுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டில், கவிழ்த்து வைத்த பானை, மூங்கிலில் மாட்டிய ஒரு பழைய சட்டை. கரையான் கட்டிலின் ஒரு காலைத் தின்றிருந்தது.

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கல்லாவிப் பக்கம் நான் காவல் இருந்தபோது இதே மாதிரிக் குடிசையில்தான் படுத்தேன். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் குடிசை போட்டுவிட்டால், அதைப் பிரிக்கும்வரை தோப்பு அவருடையது. உழுவது, மருந்து அடிப்பது, கிளை கழிப்பது எல்லாம் அவர் பாடு. சொந்தக்காரர் ஒரு சுள்ளி ஒடிப்பதாக இருந்தாலும் கேட்டுத்தான் ஒடிப்பார். அங்கே நிலத்துக்காரரே ஒரு தரம் வரப்பில் நின்று, "தம்பி, காத்துல உழுந்தது ரெண்டு எடுத்துக்கட்டுமா?" என்று கூலிக்காரனான என்னிடம் கேட்டார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"யாருக்கு உட்டீங்க?"

"கர்நாடகாக்காரன். மூணு வருசத்துக்கு. வெளியூர்க்காரனுக்கு உடாதன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. உங்க மாமாவும் சொன்னாரு. நான்தான் கேக்கல. மொத வருசம் நல்லா பாத்துகினான். போன வருசம் மாங்கூழ் ஃபேக்டரில மாங்காய வாங்க ஆளில்லாம போச்சே, அதோட ஆளக் காணோம். குடிசையும் பிரிக்கல, உட்டுட்டேன்னும் சொல்லல. நான் எப்படி கை வெப்பேன்? கெளய வெட்டி, நாளைக்கி அவன் வந்து காயி கொறஞ்சிபோச்சின்னு ஊரக் கூட்டி நாயம் வெச்சா?"

"இத அக்காகிட்ட சொல்லலாமில்லமா?"

"எதுக்கு? சொன்னோமே கேட்டியான்னு ஆட்டுகிட்ட சொல்லிக் காட்டறதுக்கா?"

அக்கா கட்டாயம் சொல்லியிருப்பாள்.

"போன் போட்டீங்களா?"

"போட்டா எடுக்கறதில்ல. என் நம்பரப் பாத்தாலே கட் பண்றான்."

"என் போன்ல போடறேன், நம்பரச் சொல்லுங்க."

இரண்டாவது முறை அடித்தபோது எடுத்தான். பின்னால் வண்டி இரைச்சல். நான் பெங்களூரில் கற்ற கன்னடத்தில், இன்ன ஊர், இன்ன தோப்பு, பக்கத்து வீட்டுக்காரியின் தம்பி பேசுகிறேன் என்றேன். வண்டியை ஓரம் கட்டியிருப்பான் போல, இரைச்சல் நின்றது. பிறகு சின்னக் குரலில், "அம்மா பைதாரா?" என்று கேட்டான். அம்மா திட்டுவாங்களா என்று அர்த்தம்.

"கையில அரிவா இருக்குது" என்றேன் கன்னடத்தில். அவன் சிரித்தான். சிரித்த பிறகு பேச்சு வந்தது. மாங்காயில் போட்ட பணமெல்லாம் போய், இப்போது தக்காளி டெம்போ ஓட்டுகிறான். நல்லபடியாக வாழ வைத்த தோப்புக்கு வெறுங்கையோடு வந்து குடிசை பிரிக்க முகமில்லை, அதனால்தான் போனை எடுக்கவில்லை என்றான். மரம் அப்படியே மண்டிக் கிடக்கிறது என்று நான் சொன்னதும் பதறிவிட்டான். "அவங்க பாத்துப்பாங்கன்னு நெனச்சேனே! அவங்க தோப்புதானே?"

அந்தம்மா போனைப் பிடுங்கித் தெலுங்கில் பொரிந்து தள்ளினார். அவனுக்குத் தெலுங்கும் தெரியும்போல. இடையிடையே "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டது. ஓய்ந்ததும் போனை வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"உட்டுட்டேன்னு சொல்றான். எனக்கு மட்டும் கேட்டாப் போதாது. பக்கத்து நெலத்துக்காரங்க ஒருத்தர் கேக்கணும், அதான் மொற. நீ வெளியூரு, நீ ஆவ மாட்ட."

பக்கத்து நிலம் யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தம்மா வேலியை நோக்கி நடந்தார். ஒரு வருடத்தில் முதல் முறையாக மாட்டிடம் சொல்லாமல் நேராகவே கூப்பிட்டார்.

"ஏம்மா! இந்தா, வேலிகிட்ட வா! ஒண்ணு காதால கேளு!"

அக்கா வந்தாள். சண்டை என்று நினைத்திருக்க வேண்டும். கொண்டையை முடிந்துகொண்டே வந்தாள். ஆட்டை இடம் மாற்றிக் கட்ட அவிழ்த்திருந்ததால் அதுவும் கூடவே வந்தது. நான் நடந்ததை நாலு வரியில் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு வேலிக்கு மேலே நீட்டினேன். அவன் உடைந்த தமிழில், "தோப்பு உட்டுட்டேன். குடிசை பிரிச்சிக்குங்க. கட்டிலு, பானை எனக்கு வேணாம்" என்றான். சரியாக அந்த நேரத்தில் ஆடு கத்தியது.

"யாரு அது?" என்றான்.

"சாட்சி" என்றார் அந்தம்மா.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவன் மேலும் ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

"கேட்டிருக்கலாம் நான்" என்றாள் அக்கா.

"நானும் சொல்லியிருக்கலாம்" என்றார் அந்தம்மா. உடனே, அதிலேயே நின்றுவிடக் கூடாது என்பதுபோல, "வெட்டற புல்லுருவி எல்லாம் உன் ஆட்டுக்குத்தான். தின்னுமில்ல?" என்றார்.

"அதுக்கு அதுன்னா உசுரு. ஒரே ஒரு விசயம், எங்க பக்கம் வெட்டும்போதே உங்க பக்கமும் வெட்டணும். தனித்தனியா வெட்டினா மறுபடி குருவி கொண்டாந்துடும்."

"பின்ன? அதான் ஆளு நிக்கறானே" என்று என்னைக் காட்டினார். "என்னாப்பா, வேல கீல இருக்குதா உனக்கு?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சு."

"கையில கட்டு போட்டிருக்க. மரம் ஏறுவியா?"

"இந்தக் கை தாங்கும்மா. கொக்கி இருந்தா பாதி கீழ நின்னே இழுத்துடலாம்."

"அப்ப காலைல வா."

சாயங்காலம் மாமா ஷிப்டிலிருந்து போன் செய்தபோது அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பாமல் என்னிடம் கேட்டார், நானும் சொன்னேன். "வெள்ளிக்கெழம வரவங்கள இப்ப வர வேணாம்னு சொல்லிடறேன். பூ எடுக்கற வரைக்கும் பாக்கலாம்" என்றார். பூ எடுக்க மார்கழி, தை ஆகும். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கு அவள் என் புண்ணுக்கு மருந்து வைத்த விதத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. மழைக்கோட்டு இல்லாததால் மாமாவின் பழைய சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். அந்தம்மா ரம்பமும் நீளமான மூங்கிலில் கட்டிய கொக்கியும் எடுத்து வைத்திருந்தார். புல்லுருவியை மட்டும் பறித்தால் மறுபடி துளிர்க்கும், அது உட்கார்ந்த இடத்துக்குக் கீழே அரையடி சேர்த்துக் கிளையோடு எடுக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு முறை எனக்குச் சொன்னார்கள். அக்கா வேலியில் இரண்டு முள்கட்டையை நகர்த்தி வழி விட்டு, ஆட்டோடு இந்தப் பக்கமே வந்துவிட்டாள்.

நான் முதல் மரத்தில் ரம்பத்தை வைக்கப் போனேன்.

"இரு, இரு. மொதல்ல அது" என்றார் அந்தம்மா.

மூலையில் இருந்த குடிசைக்குப் போனோம். உள்ளே மாட்டியிருந்த குத்தகைக்காரனின் சட்டையை அந்தம்மா எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்; என்றைக்காவது வந்தால் கொடுக்கலாம் என்றார். நான் சரிந்திருந்த பக்கத்து மூங்கிலைத் தோளால் தாங்கிக்கொண்டு, முகட்டில் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தேன்.