கோட்டை வார்டுக்கு ஒரு கிணறு

நான் அரசியலுக்கு வந்தது நாட்டுக்காக அல்ல. அப்போது செஞ்சியில் நாட்டுக்காக வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கதர்ச் சட்டை தைத்துக் கொடுத்தவன் நான். என்னை அரசியலுக்கு இழுத்தது என் பெண்டாட்டி. அவள் கோபித்துக்கொண்டு தொண்டூருக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

காரணம் தண்ணீர். பஜாருக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கு ஒரே கிணறு. அதிலும் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது. விடியும்போது வரிசையில் வைத்த குடம், வெயில் ஏறிய பிறகுதான் நிறையும். அன்றைக்கு யாரோ முண்டியடித்ததில் அவளுடைய மண்குடம் உடைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இன்னொரு குடத்தை எடுத்தவள், "இடுப்பு வுட்டுப்போச்சு. இந்த ஒரு நடை மட்டும் நீங்க போய்ட்டு வாங்களேன்" என்றாள். நான் தையல் மிஷினின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். துணிக்கு ரேஷன் இருந்த காலம். தைக்க ஒன்றும் இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். "ஆம்பள குடம் தூக்கினு போனா பஜாரே சிரிக்கும்" என்றேன். அவளே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மத்தியானம் பெட்டியைக் கட்டினாள். வாசலில் நின்று, "தெருவுல இன்னொரு கெணறு வந்தா சொல்லி அனுப்புங்க, வரேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் நானே பொங்கிய சோற்றைத் தின்றபோது அது நின்றுவிட்டது. பத்தாம் நாள் அவள் இல்லாத வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. கிணறு வேண்டும் என்று மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பஞ்சாயத்து போர்டு ஆபீசுக்குப் போனேன். பிரசிடெண்ட் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர். வயிறும் நல்ல மனசும் பெரிதாக உள்ள மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். அவரோ நியாயவான். நியாயவானிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியே இல்லை.

"கெணறு தானே? குடுக்கலாம்பா. ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குதே. வருஷத்துக்கு ஒரு கெணறு, வார்டு வார்டா வரும். நாலு வார்டும் சமம். சங்கிலி போட்டு அளந்தது, ஒரு மொழம் கூட இல்ல, கொறைவும் இல்ல" என்று ஊர்ப் படத்தை மேஜையில் விரித்தார்.

உண்மைதான். ஊரை நாலு சமமான கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். எங்கள் தெரு இருந்த கட்டத்தில் வீடுகளைக் காட்டும் கறுப்புப் புள்ளிகள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. நாலாவது கட்டம் வெள்ளையாக இருந்தது. அது கோட்டை. மலை, மதில், இடிந்த மகால், களஞ்சியம், குதிரை லாயம், இரண்டு பெரிய குளம். வாசலுக்குள் ஒண்டியிருந்த காவல்காரரின் அறையும், ஆடு மேய்ப்பவர்களின் இரண்டு குடிசைகளுமாக மூன்று வீடு, ஏழு ஓட்டு. எங்கள் வார்டுக்கு ஒரு மெம்பர் என்றால் அதற்கும் ஒரு மெம்பர். தெருவிளக்கும் வார்டுக்கு ஆறு. விளக்கு ஏற்றுகிறவர் தினமும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போய், குரங்குகளுக்காக ஆறு விளக்கு ஏற்றிவிட்டு வந்தார்.

"மலைக்கு எதுக்குங்க மெம்பரு?" என்றேன்.

"அப்ப மலைய வுட்டுட சொல்றியா? அதுவும் நம்ம ஊருதானே?"

"சமமா வெட்டிக் குடுத்தா சட்டை ஆயிடுமாங்க? எல்லாருக்கும் ரெண்டு கெஜம்னா கொழந்தைக்குத் தரையில பொரளும், உங்களுக்கு வயித்தத் தாண்டாது."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வயிற்றின் மேல் போட்டுக்கொண்டார். பேச்சு அத்துடன் முடிந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்குத் துணையாகக் கிடைத்தார். தோற்றாலும் பரவாயில்லை, வழக்கு சுவையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். மேலதிகாரிக்கு நாலு பக்கம் எழுதினார். "கிணறு என்பது தலைக்கணக்குப்படி வெட்டப்பட வேண்டுமேயன்றி நிலக்கணக்குப்படி அல்ல" என்ற வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டார். நகலைப் பிரசிடெண்டிடமும் கொடுத்தோம். அவர் அதைப் படித்துவிட்டு, யோசிக்க வேண்டிய விஷயம் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

பதில் வந்தது. தேர்தல் நெருங்குவதால் வார்டு எல்லையை மாற்ற முடியாது. பட்டியல் எடுக்கும்போது யார் எந்த வார்டில் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு அந்த வார்டில் ஓட்டு. மனுக்காரப் பெரியவர் அதை நாலு தரம் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வார்டு நம்மகிட்ட வராதாம். சரி, நாம வார்டுகிட்ட போவோம்" என்றார். தெருவே கோட்டையில் குடியேறினால் அந்த ஏழு ஓட்டு வார்டு எங்கள் கையில், மெம்பருக்கு நான் நிற்பது என்று முடிவானது.

பங்குனி வெயிலில் எங்கள் தெரு கோட்டைக்குக் குடிபோனது. ஊரில் இருக்கிற எல்லோரும் வேடிக்கை பார்க்க, சட்டி, பானை, பாய், கோழி, அம்மிக்கல் எல்லாவற்றையும் ஒரு மைலுக்கு மேல் சுமந்துகொண்டு போனோம். என் மிஷினை நாலு பேர் தூக்கி வந்தார்கள். தெருவில் காவலுக்கென்று பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். கோட்டையில் கூரை உள்ள இடங்களில் பெரியது களஞ்சியம். உள்ளே ஜில்லென்று இருக்கும். அதனால் எல்லோரும் களஞ்சியத்துக்குத்தான் வந்தார்கள்.

முதல் நாளே சண்டை. தெருவின் மேலண்டைக்காரர்களும் கீழண்டைக்காரர்களும் நடுவில் கயிறு கட்டி இடத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மறுநாள் கீழண்டைக்காரர்கள், நாங்கள் ஆள் அதிகம், தலைக்கணக்குப்படிக் கயிற்றைத் தள்ளிக் கட்டு என்றார்கள். மேலண்டைக்காரர்கள், கயிறு கயிறுதான் என்றார்கள். என்னை நியாயம் கேட்டார்கள். தலைக்கணக்குக்காகத்தானே ஊரையே மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தேன்? ஆனால் என் பாய் மேலண்டைப் பக்கம், நல்ல காற்று வரும் இடத்தில் இருந்தது. கயிறு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பெரிய வெட்கம் ஒன்றும் படவில்லை, வெயில் அப்படி.

பெண்களுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. குளம் கைக்கெட்டும் தூரத்தில். வரிசை கிடையாது. குடத்தை முக்கினால் தண்ணீர். மத்தியானம் நிழலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டு சிரித்துப் பேசினார்கள். தெருவில் ஒருநாளும் அவர்களை நான் அப்படிப் பார்த்ததில்லை. என்னவளும் இருந்திருக்கலாம் என்று ஏங்கினேன். ஆனால் அவள் தெருவில் கிணறு என்றல்லவா சொன்னாள், கோட்டையில் குளம் என்று சொல்லவில்லையே என்று இருந்துவிட்டேன்.

காவல்காரர் பழைய பட்டாளத்துக்காரர். தினமும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "உள்ள யாரும் குடியிருக்கக் கூடாது. சட்டம்" என்பார். ஐந்தாம் நாள் மனுக்காரர் அவரை நிறுத்தி, "அப்ப நீ எங்க குடியிருக்கற?" என்று கேட்டார்.

காவல்காரர் தன் அறையைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் கூடாதுன்னா நீயும் கூடாது. ஆட்டுக்காரனும் கூடாது. அப்ப இந்த வார்டுல ஓட்டே இல்ல. ஓட்டு இல்லன்னா வார்டு இல்ல. வார்டு இல்லன்னா மெம்பரும் இல்ல. எழுதிப் போட்டுடட்டுமா?"

இது கோட்டை வார்டு மெம்பரின் காதுக்குப் போய்விட்டது. மதிலுக்குள் கொஞ்சம் மல்லாட்டை நிலம் வைத்துக்கொண்டு பஜாரில் வசித்தவர் அவர். சைக்கிளில் மூச்சிரைக்க வந்து காவல்காரரிடம், "இருந்துட்டு போவட்டும்யா. மனுஷங்க எங்கதான் போவாங்க?" என்று எங்களுக்காகக் கெஞ்சினார். அவரைத் தோற்கடிக்க வந்தவர்களுக்கு அவரே இரண்டு தென்னங்கீற்றுப் பந்தலும் போட்டுக் கொடுத்தார்.

பட்டியல் எடுக்கிற குமாஸ்தா வந்தது அமாவாசை அன்று. தெருக்காரர்களில் பெரும்பாலோர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். களஞ்சியத்தைக் காத்துக்கொண்டிருந்தது சில கிறிஸ்தவக் குடும்பங்களும் நானும் மட்டும். ஆள் இல்லாமல் எப்படி எழுதுவது என்றார் குமாஸ்தா. பானையைப் பாருங்கள், பானை இருந்தால் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்றேன். அவருக்கும் வெயில் தாங்கவில்லை. அடுப்பு அடுப்பாகப் பானையை எண்ணி, நாங்கள் சொன்ன பெயரை எழுதிக்கொண்டார். விலாசம் என்ற இடத்தில் "களஞ்சியம், கயிற்றுக்கு மேற்கே" என்று எழுதினார்.

அந்தக் காலத்தில் எங்கள் போர்டுக்குக் கை தூக்கித்தான் தேர்தல். கோட்டை வாசலில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். எனக்குக் கை தூக்கச் சொன்னபோது தெருக்காரர்கள் ஆர்வத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்கள். அதிகாரி, இடது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வலது கையை மட்டும் தூக்குங்கள் என்று மறுபடி எண்ணினார். எதிர்ப்பக்கம் ஆறு கை. ஏழாவது கை, காவல்காரருடையது, என் பக்கம் இருந்தது. "நீ ஜெயிச்சாதானே இதுங்கள்லாம் கீழ எறங்கும்" என்றார்.

ஜெயித்தேன். தெரு இறங்கி வந்தது. பெண்கள் மட்டும் கடைசியாக, குளத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் தெருவில் கிணறு வெட்ட வேண்டும் என்றேன். கூட்டம் முடிந்ததும் தொண்டூருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேசினேன். பிரசிடெண்ட் அலமாரியைத் திறந்தார். சிவப்புக் கோடு போட்ட எங்கள் மனுவை எடுத்து, அந்த வரியை உரக்கப் படித்தார்.

"இந்தத் தம்பி சொன்னது எனக்கு அப்ப புரியல. ஒரு மாசமா யோசிச்சேன். தலைக்கணக்குதான் நியாயம். நான் ஒத்துக்கறேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அவர் புதுப் பட்டியலை விரித்தார். "தம்பி தெரு இருக்கற வார்டுல இப்ப தல கொறைஞ்சு போச்சு, அந்தத் தெருவுல மொத்தமே பன்னெண்டு பேரு. கோட்டை வார்டுலதான் ஊர்லயே தல அதிகம். அதனால கெணறு கோட்டை வார்டுக்கு."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த மெம்பர், "உங்க வார்டுக்கே கெணறு வருது, இன்னும் இன்னாங்க வேணும்?" என்றார். பட்டியல் பொய் என்று சொன்னால் என் மெம்பர் பதவியும் பொய். உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்கு ரோஜா மாலை போட்டார்கள்.

மதிலுக்குள் தோண்டக் கூடாது என்று காவல்காரர் நின்றுகொண்டதால், மதிலுக்கு வெளியே, சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடும் இல்லாத பொட்டலில் வெட்டினார்கள். நல்ல ஊற்று. நாலு பக்கமும் ராட்டினம், வழவழவென்று சிமெண்ட் மேடை, கல்லில் என் பெயர்.

கிணறு வந்த செய்தி என்னைக் கேட்காமலேயே தொண்டூருக்குப் போய்விட்டது. ஒருநாள் அவள் அண்ணனின் மாட்டு வண்டியில் பெட்டியோடு வந்து இறங்கினாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பழைய கிணற்றில் பழைய வரிசை.

"எங்க?" என்றாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு அந்த ஒரு மைலையும் நடந்தேன். வழியெல்லாம் சங்கிலி, மனு, களஞ்சியம், கயிறு, பானை, எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றுச் சண்டைக்கு மட்டும் ஒருமுறை சிரித்தாள். கிணற்றடியில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் மேடையைத் தடவிப் பார்த்தாள், என் பெயரைப் பார்த்தாள், ஒரு வாளி இறைத்துக் குடித்தாள்.

"எனக்காகவா இவ்ளோ பேரையும் கெளப்பினு போனீங்க?"

"ஆமாம்."

"நான் அன்னைக்கு ஒரு குடம் தானே கேட்டேன்" என்றாள்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை. கோட்டைக்குள் போய் ஆட்டுக்காரர் குடிசையில் ஒரு குடம் கேட்டு வாங்கி வந்து, நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். கழுத்தில் வழிந்து சட்டை முழுவதும் நனைந்தது. அவள் பின்னால் வந்தாள். பஜார் நடுவில் கடைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் விடியலில், கோட்டை வார்டு மெம்பரான நான், எங்கள் தெருக் கிணற்றில் பெண்களோடு வரிசையில் நின்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஒரு வாரம் சிரித்தார்கள். அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்த ஒரு வாரத்துக்குப் பயந்துதான் ஒரு தெருவையே கோட்டைக்குக் குடியேற்றியிருந்தேன்.