கொழுந்தன் பெயரில் ஒரு குட்டியானை

இரும்புலியூர்ப் பக்கத்து மகளிர் குழுக்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சேமிக்கச் சொல்வேன், வங்கிக்கு அழைத்துப் போவேன், கூட்டத்துக்கு வராதவர்களை வீடு தேடிப் போய்த் திட்டுவேன். திட்டுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

ஒரு குழுவில் காய்கறி விற்கும் பெண் இருந்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் காய் எடுத்து மேடவாக்கம் அடுக்குமாடி வாசல்களில் விற்பாள். வாடகை வண்டிக்காரன் வராத நாளில் வியாபாரம் படுத்துவிடும். பல வருடச் சேமிப்போடு குழுக் கடனையும் சேர்த்து, பழைய குட்டியானை சரக்கு வண்டி ஒன்றை வாங்கினாள். ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தாள். நானே வண்டி வாங்கியதுபோல் எனக்குப் பெருமை.

வண்டியின் பதிவுச் சான்று, ஆர்.சி.யைப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் அவளுடையது இல்லை, கணவரின் தம்பியுடையது.

"என் பேர்ல நாலு சக்கர வண்டி இருந்தா கவர்மென்ட் மாசப் பணம் கட் ஆயிடும்னு தெருவுல பேசிக்கினாங்கக்கா. வூட்டுக்காரர் பேர்ல போட்டாலும் ஒரே ரேசன் கார்டுதானே? கொழுந்தனுக்குத் தனி கார்டு கீது. தங்கமான பையன்."

"ஆபீஸ்ல போய் விசாரிச்சியா?"

"விசாரிக்கப் போனா மாட்டிக்க மாட்டோமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? அரசு தரும் அந்த மாதப் பணம்தான் மழைக்காலத்தில் அவள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. கையில் நாலு காசு சேர்ந்தால் ஏழை இல்லை என்று தள்ளிவிடுவார்கள் என்ற பயம் அவள் தெருவில் எல்லோருக்கும் உண்டு. சேர்த்து வை என்று சொல்லிக்கொடுத்த எங்களிடம், சேர்த்ததை வெளியே காட்டலாமா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. உதவி என்பது ஒருவரை மேலே ஏறவும் விட வேண்டும், ஏறியதை மறைக்காமல் சொல்லவும் விட வேண்டும். இதை எந்த அதிகாரியிடம் சொன்னாலும் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

பிறகு கொழுந்தனுக்கு வண்டலூரில் பெண் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண்ணின் அப்பா தன் உறவுக்காரர்களிடம், "மாப்ளைக்குச் சொந்த வண்டி கீதுப்பா, ஆர்.சி.யையே பாத்துட்டேன்" என்றார். கொழுந்தன் குனிந்த தலை நிமிரவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. வந்த மரியாதையை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் முகம் வெளுத்துவிட்டது. இப்போது வாயைத் திறந்தால் நிச்சயதார்த்தம் நின்றுபோகலாம். மூடிக்கொண்டால் வண்டி போய்விடும். நாளைக்கு அவனுக்கென்று ஒரு குடும்பம் வந்த பிறகு எந்த முகத்தோடு கேட்பாள்?

பெண்ணின் அம்மா காபி கொண்டுவந்தார். நல்ல மனுஷி, அவளிடம் பேச்சுக்குத்தான் கேட்டார்:

"காய் வியாபாரமாமே? கொழுந்தன் வண்டின்னு சும்மா ஓட்டிடாதே, வாடகையைக் கரெக்டா குடுத்துடு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வண்டி என்னுதும்மா. நான் சேத்த காசு. கவர்மென்டுக்குப் பயந்து அவன் பேர்ல எழுதினேன். இப்போ உங்களுக்குப் பயந்து சும்மா இருந்தா, நெசமாவே அவனுதாயிடும்."

கொழுந்தன் எழுந்து வந்தான். "ஆமா, அண்ணி வண்டிதான். நானே சொல்லியிருக்கணும்" என்றான். பெண்ணின் அப்பா உள்ளே போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்துதான் தட்டு மாற்றினார். முகம் அப்போதும் சரியாக இல்லை.

மறுவாரம் ஆர்.சி.யில் பெயர் மாற்ற அவள், கொழுந்தன், நான் மூவரும் போனோம். மாதப் பணம் நின்றுவிடுமோ என்று வழியெல்லாம் நான்தான் புலம்பினேன். வண்டியை ஓட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"நின்னா நிக்கட்டும்க்கா. இல்லாதவன்னு காட்டிக்கினே இருந்து, இருந்ததைத் தொலைக்கப் பாத்தேன்."