கஜீவனுக்குக் கட்டிய பனர்

அரியாலையில் யார் பிறந்தார், எந்தப் பெண்பிள்ளை சாமத்தியப்பட்டாள், யார் கனடா போனார், யார் மேலே போனார் என்பதெல்லாம் முதலில் பிரணவனுக்குத்தான் தெரியும். பையன் ஊர்வம்பு அளக்கிறவனல்ல, பாவம். பள்ளிக்கூடம் விட்டதும் சீவரத்தினம் அண்ணையின் அச்சுக்கடைக்குப் போய்க் கணினிக்கு முன்னால் குந்திவிடுவான். பனர் வடிவமைப்பதுதான் அவனுக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் இப்போது பனர் கட்டாமல் எது நடக்கிறது? பிறந்தநாளுக்குப் பனர். கம்பஸுக்குப் படிக்க அனுமதி கிடைத்தால் சந்தியில் பனர். ஆள் செத்தால் சந்தி, ஒழுங்கை, படலை என்று போகிற வழியெல்லாம் பனர். ஆஸ்பத்திரியிலிருந்து சவம் வருவதற்கு முன் பனர் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார்கள்.

இந்த வேலையில் பிரணவன் விண்ணன். வாழ்நாளெல்லாம் சாரத்தோடு திரிந்த எத்தனையோ பெரியவர்களுக்குக் கோட்டும் ரையும் போட்டு வழியனுப்பியிருக்கிறான். படத்தைச் சுற்றி மாலை, இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு, பின்னால் முகில், மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவான். கைதான் இந்த வேகம். வாய் மகா மந்தம். எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பான். உயர்தரச் சோதனை முடிந்ததும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாலும் அதே "பாப்பம்"தான். யாருடைய முகத்துக்கு நேரேயும் ஒரு விஷயத்தைப் பட்டென்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

இப்படிப்பட்டவனின் தலையில்தான் பிரியாவிடைப் பனர் வேலை வந்து விழுந்தது. சோதனைக்கு முன் உயர்தர வகுப்புக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு பிரியாவிடை வைப்பார்கள், பெற்றோரும் வருவார்கள். இந்த முறை வகுப்பாசிரியர் தில்லைநாதன் சேருக்குப் புதிதாக ஒரு யோசனை உதித்துவிட்டது.

"ஆளுக்கொரு சின்னப் பனர் அடிச்சு மண்டபத்திலை கட்டுவம், பிரணவன். படம் போடு, பொழுதுபோக்கைப் போடு, என்னவா வரப்போகினம் எண்டதையும் போடு. தாய் தேப்பன் பாத்துச் சந்தோசப்படட்டும்."

"பாப்பம் சேர்," என்றான் பிரணவன். சேர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சீவரத்தினம் அண்ணை நல்ல மனிசன். வெட்டி மிஞ்சிய பிளெக்ஸ் துண்டுகளை எல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிரணவன் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிக்கத் தொடங்கினான். அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருஷம் ஒன்றாக இருந்து படித்த கூட்டம் எப்பேர்ப்பட்ட கூட்டம் என்று.

வினோஜா சட்டத்தரணி என்று போடச் சொன்னாள். அது சொல்லாமலே தெரியும். மாதிரிப் பனரைக் காட்டியதும் "என்ரை மூக்கை ஏன் சின்னனாக்கினனீ? ஆரைக் கேட்டனீ?" என்று நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்து, பழைய மூக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் விட்டாள். எமில்ராஜ் பாரிசில் மாமாவின் கடைக்கு வேலைக்குப் போகப்போகிறவன். "ஆனா நீ கடை எண்டு போடாதை மச்சான், சர்வதேச வர்த்தகர் எண்டு போடு" என்றான். மயிலிட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற மீனவர் மகள் துஷாந்தினிக்கு வொலிபோல் என்றால் உயிர். அவள் ஓங்கி அடித்தால் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவர்கள் பந்தை விட்டுவிட்டுத் தலையைப் பிடிப்பார்கள். "அப்பா என்னை வள்ளத்திலை ஏத்தமாட்டாராம். அப்ப நான் கப்பல் கப்டனா வாறன், அவர் கரையிலை நிண்டு பாக்கட்டும்" என்றாள். டொக்டர் என்று போடச் சொன்னவர்களின் தொகையைப் பார்த்தால் கொஞ்சக் காலத்தில் இந்தக் குடாநாட்டில் நோயாளிகளுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும்.

மிஞ்சியவன் கஜீவன். ஆறாம் வகுப்பிலிருந்து பிரணவனோடு ஒரே வாங்கில் இருப்பவன். கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல் ஆள். ஒழுங்கையில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அவனை இப்போதே "என்ன இஞ்சினியர்?" என்றுதான் கூப்பிடுவார்கள். தகப்பன் கட்டாரில் வேலை. தாய் கமலாவதி அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு சாண் உயர்ந்துவிடுவார்.

ஆனால் கஜீவனுக்குப் பிடித்தது பஸ். கண்டி வீதியில் ஹோர்ன் சத்தம் கேட்டால் போதும், எந்த பஸ், யார் ஓட்டுகிறார், இன்றைக்குப் பிந்தியா முந்தியா என்று சொல்லிவிடுவான். கட்டிலுக்குக் கீழே மட்டையில் செய்த பஸ்கள் வரிசையாக நிற்கும். லைற் எரியும், கதவு திறக்கும். கொழும்புக்கு இரவு பஸ் ஓட்ட வேண்டும், பிறகு சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும், பிறகு நாலைந்து. இந்தத் திட்டம் பிரணவனைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

"உனக்கு என்னடா போட? இஞ்சினியர் எண்டு போடட்டோ?" என்று கடையில் வைத்துக் கேட்டான் பிரணவன்.

"போடு. போட்டிட்டு என்னோடை கதையாதை," என்றான் கஜீவன். "ஊர் முழுக்கப் பொய் சொல்லட்டும். நீயும் சொன்னா நான் ஆரிட்டையடா போறது?"

"அப்ப பஸ் றைவர் எண்டு போடுறன்."

"போட்டா அம்மா என்னோடை கதைக்கமாட்டா. ஒருக்காப் பகிடிக்குச் சொன்னதுக்கே சாப்பிடாமல் கிடந்தவ."

"அப்ப நான் என்னதான்ரா போடுறது?"

"நீதானே பெரிய டிசைனர். யோசி."

யோசித்து யோசித்துப் பிரணவனுக்கு மண்டை காய்ந்தது. பயமும் வந்தது. சோதனை முடிந்தால் எமில்ராஜ் பறந்துவிடுவான், வினோஜா கொழும்பு போய்விடுவாள். கஜீவன் ஒருவன்தான் தனக்கு என்று இருப்பவன். ஒரு பிளெக்ஸ் துண்டுக்காக அவனையும் இழந்துவிட்டு என்ன செய்வது?

கடைசியில் பிரியாவிடை அன்று மத்தியானம் ஒரு வழி பிடிபட்டது. என்னவாக வருவான் என்று ஒன்றும் போடுவதில்லை! படத்துக்குப் பின்னால் பெரிதாக ஒரு பஸ். கீழே 'என்றும் உன் நினைவுடன் நண்பர்கள்'. பஸ்ஸைத் தாய் பார்த்தால் பொழுதுபோக்கு என்று நினைப்பார். கஜீவன் பார்த்தால் விளங்கிக்கொள்வான். பிரணவன் தன்னைத்தானே மெச்சிக்கொண்டான். நேரம்தான் இல்லை. மற்றவர்களின் பனரெல்லாம் மண்டபத்தில் தொங்கத் தொடங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஊரான கொழும்புத்துறையில் யாரோ ஒரு பெரியவர் கண்ணை மூட, அவருடைய பனரை அவசரமாக அடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அது போனதும், திறந்திருந்த அதே வடிவத்தில் பெரியவரை எடுத்துவிட்டுக் கஜீவனை வைத்தான். முகிலை எடுத்துவிட்டு பஸ்ஸை வைத்தான். 'கண்ணீர் அஞ்சலி'யை அழித்தான், தேதிகளை அழித்தான், அச்சுக்குக் கொடுத்தான். மாலையும் விளக்குகளும் அவன் கண்ணில் படவேயில்லை. நாளெல்லாம் அதையே பார்க்கிறவனுக்கு அது வெறும் கரைதானே!

சைக்கிளை மிதித்து மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெற்றோர் வரத் தொடங்கியிருந்தார்கள். மேசை மேல் ஏறிப் பனரை மேடைக்குப் பக்கத்தில் கட்டி விரித்துவிட்டு இறங்கினான். முதலில் பார்த்தவள் வினோஜா.

"டேய் பிரணவன்," என்றாள், பனரைக் காட்டி. "உதென்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

திரும்பிப் பார்த்தான். மாலைக்கு நடுவில் சிரித்தபடி கஜீவன். இரண்டு பக்கமும் சுடர்விடும் குத்துவிளக்கு. பின்னால் பஸ். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு இதற்கு மேல் ஒரு எழுத்தும் தேவையில்லை. பிள்ளை பஸ்ஸில் அடிபட்டுப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்துக் கமலாவதி பட்டுச் சீலையோடு வாசலில் வந்து நின்றார்.

"ஐயோ! என்ரை ராசா!"

கஜீவன் ரோல்ஸ் எடுத்துவரக் கண்டி வீதிப் பேக்கரிக்குப் போயிருந்தான். கமலாவதி மகனின் போனுக்கு அடித்தார். போனை அவன் பாட்டுப் போடுவதற்காக மேடையில் ஸ்பீக்கரோடு கொழுவிவிட்டுப் போயிருந்தான். அவனுடைய ரிங்ரோன் என்ன? கொழும்பு பஸ்ஸின் ஹோர்ன். மண்டபம் அதிர "பாம்ம்ம்" என்று அது அலறியதும் கமலாவதி நிலத்தில் இருந்துவிட்டார். மற்றத் தாய்மார் என்ன ஏது என்று கேட்கவேயில்லை. ஓடிவந்து கட்டிப்பிடித்து ஒப்பாரியில் சேர்ந்துகொண்டார்கள். தில்லைநாதன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி "எப்ப நடந்தது? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"முருகா! நல்லூரானே!" என்று கமலாவதி தலையில் அடித்துக்கொண்டார். "பிள்ளையை உயிரோடை தந்தாக் காணும். இனி வேறை ஒண்டும் உன்னட்டைக் கேக்கமாட்டன்!"

கமலாவதியின் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அவருடைய தம்பி. கடைசிச் சண்டையில் போனவன், அப்போது இவர்களை விடப் பெரியவனில்லை. அந்தப் படத்துக்குக் கீழே இருந்து எத்தனையோ நாள் சோறு தின்றிருக்கிறான் பிரணவன். தெரிந்த வீட்டுக்கே இந்த வேலை செய்துவிட்டோமே என்று அவனுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"அன்ரி… இல்லை அன்ரி… ஆள் இருக்கிறான்…" என்று அவன் முனகியது அந்த ஒப்பாரியில் யாருக்குக் கேட்கும்?

"சேர், ரோல்ஸ் கொஞ்சம் நசிஞ்சு போச்சு," என்று பெட்டியோடு வாசலில் வந்து நின்றான் கஜீவன்.

கமலாவதி எழும்பினார். நேரே வந்தார். மகனின் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தார். பிறகு ரோல்ஸ் பெட்டியோடு சேர்த்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். மிஞ்சியிருந்த ரோல்ஸும் நசிந்தது.

கஜீவன் தாயின் தோளுக்கு மேலால் பனரைப் பார்த்தான். "நான் எப்பிடியடா செத்தனான்?" என்று கேட்டான்.

"பஸ்ஸிலை மச்சான்," என்றான் எமில்ராஜ்.

சிரிப்பு வெடித்தது. கமலாவதி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரணவன் பக்கம் திரும்பினார்.

"மாலை விளக்கு உன்ரை பழக்கதோசம், சரி. அந்த பஸ்ஸை ஏன்ரா போட்டனீ?"

பிரணவன் கஜீவனைப் பார்த்தான். கஜீவன் நிலத்தைப் பார்த்தான். 'பாப்பம்' என்று சொல்லித் தப்ப இது இடமில்லை.

"அவனுக்கு பஸ் ஓட்டத்தான் அன்ரி விருப்பம்," என்றான் பிரணவன். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "இஞ்சினியர் எண்டு போட எனக்குக் கை வரேல்லை. நீங்கள் என்னை வீட்டுப் பக்கம் வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, பரவாயில்லை. அவனோடை மட்டும் கோவிக்காதையுங்கோ."

"அவன் இஞ்சினியராத்தான்—" என்று கமலாவதி தொடங்கினார்.

"அன்ரி, ஒரு நிமிசம்," என்று குறுக்கே புகுந்தாள் வினோஜா. "வேறை ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு இப்பத்தான் நல்லூரானுக்கு நேந்தனீங்கள். மண்டபம் முழுக்கச் சாட்சி."

தாய்மார் எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஆளோடு வழக்காடலாம், முருகனோடு யார் வழக்காடுவது? தில்லைநாதன் சேரின் மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கமலாவதி பனரடிக்குப் போனார். மாலையை வெட்டினார், விளக்குகளை வெட்டினார், ஒவ்வொரு துண்டையும் கசக்கி எறிந்தார்.

பிரணவன் மெல்லக் கஜீவனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். "கோவமோடா?"

"செத்தவனுக்கு ஏதடா கோவம்?" என்று சொல்லிவிட்டு, கஜீவன் நசிந்த ரோல்ஸ் ஒன்றை எடுத்து அவன் வாயில் திணித்தான்.

கமலாவதி மிஞ்சிய துண்டைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். மகனும் பஸ்ஸும் மட்டும்.

"இது கொழும்புக்கு ஓடுற பஸ்ஸோ?"

"ஓம் அம்மா."

"இரவிலையோ?"

"ஓம்."

"சோதனையை ஒழுங்கா எழுது. பிறகு ஓட்டு. முன் சீற்றிலை நான் இருப்பன்."

"ஒவ்வொரு நாளுமோ அம்மா?"

"பின்னை? நீ வீட்டை வந்து சேருமட்டும் எனக்கு எப்பிடியும் நித்திரை வராது. வீட்டிலை முழிச்சிருக்கிறதை பஸ்ஸிலையே முழிச்சிருக்கிறன்."